இடது சக்கரமும் அடுத்த வாசல் கோலமும்

கரமனையில் நாங்கள் இருக்கும் தெருவில் வீடுகளுக்கு இடையே சந்து கிடையாது. ஒரு வீட்டின் சுவர் முடியும் இடத்தில் அடுத்த வீட்டின் சுவர் தொடங்கிவிடும். கட்டியவர்கள் காரை நினைத்துக் கட்டவில்லை. ஆகவே கார் வைத்திருக்கும் நாங்கள் சிலர் அவரவர் வீட்டுச் சுவரை ஒட்டித் தெருவிலேயே நிறுத்துகிறோம். அப்படி நிற்கும் ஒரு வெள்ளைக் கார் பள்ளி நாட்களில் விடிந்ததும் புறப்பட்டு, நெடுமங்காடு தாண்டி, வித்துரா தாண்டி, போனக்காட்டுக்குப் பிரியும் சாலையில் மலையேறி ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் போய் நிற்கிறது. ஓட்டிப் போகிறவர் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை. என் மனைவி. இதைச் சொல்லும்போது எனக்கு வரும் பெருமையை மறைக்க நான் முயல்வதில்லை. வயது அறுபதை நெருங்கியபின் அது வீண் வேலை.

இது நடக்காமலே போயிருக்கக்கூடும். போன வருடம் மே மாதம் முழுக்க அந்த நிலைமைதான். காரணம், எலுமிச்சம்பழ அளவுகூட இல்லாத ஓர் இரும்புக் குமிழ்.

நான் ஒரு தணிக்கை அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவன். பூர்வீகம் நாஞ்சில் நாடு. எங்கள் வீட்டுச் சுவரில் மூன்று நாள்காட்டிகள் தொங்குகின்றன: ஆங்கிலம், தமிழ், கொல்லம் ஆண்டு. எது எந்த மாதம் எந்தக் கிழமை நடந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டாலும் சொல்வேன் என்பது மனைவியின் புகார். “இவிய கிட்ட காய்ச்சல்னு சொன்னா மருந்து வராது, போன தடவை எப்ப காய்ச்சல் வந்துதுன்னு வரும்” என்பாள். இந்தக் கதையில் மாதமும் கிழமையும் போதும்.

அவள் கார் ஓட்டக் கற்றது நாற்பத்தெட்டாம் வயதில். இங்கே லைசென்ஸ் வாங்க, கம்பிகளுக்கு நடுவே ஆங்கில ‘எச்’ எழுத்தைப் போல முன்னும் பின்னும் வண்டியை எடுக்க வேண்டும். நான் என் காலத்தில் முதல் தடவை கம்பியைச் சாய்த்தவன். அவள் ஒரே தடவையில் போட்டுவிட்டு இறங்கி, சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டு, “அவ்வளவுதானா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு நகரத்துக்குள் அவளுடைய பள்ளிக்கு அவளே ஓட்டிக்கொண்டு போய் வந்தாள். அவள் போனபின் நான் பஸ்ஸில் அலுவலகம் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வண்டி என் கைக்கு வரும்.

மே மாத முதல் வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, பதவி உயர்வு ஆணை வந்தது. எச்.எம். பதவி. ஆனால் இடம் மலை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் அன்று பொறுப்பேற்க வேண்டும். வேண்டாமென்றால் பதவி உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, நகரத்தில் இருந்த இடத்திலேயே ஓய்வு பெறும்வரை இருக்கலாம். பலர் அப்படி எழுதிக் கொடுப்பது வழக்கம். அந்தப் பாதையில் பஸ் குறைவு. கிடைக்கும் பஸ்ஸில் போனால் முதல் பீரியட் முடிந்துதான் போய்ச் சேரலாம். தங்குவதற்கு இடம் கேட்டோம். சுவரில் பாசி படர்ந்த ஓர் அறை இருப்பதாகச் சொன்னார்கள். ஆக, தினமும் காரில் போய்த் திரும்ப முடிந்தால் எச்.எம்., முடியாவிட்டால் இல்லை.

அடுத்த ஞாயிறு பாதையைப் பார்த்துவிட்டு வரலாமென்று கிளம்பினோம். அவள் ஓட்டினாள். விடுமுறையில் பூட்டிக் கிடந்த பள்ளியின் கேட்டருகே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து விறகோடு வந்த ஒரு பெண் நின்றாள்.

“யாரு நீங்க?”

“புதுசா வரப்போற டீச்சர்” என்றாள் மனைவி.

“தமிழா?” அந்தப் பெண் விறகை இறக்கி வைத்தாள். “என் மகன் வீட்டுல தமிழ் பேசுறான், இங்க வந்தா மலையாளம். ரெண்டுக்கும் நடுவுல சில நாளு வாயே தொறக்க மாட்டேங்கான். நீங்க வந்தா அவன்ட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க.”

திரும்பும்போதும் மனைவிதான் ஓட்டினாள். முகத்தைப் பார்த்தபோது அவள் மனதுக்குள் பொறுப்பேற்று முடித்துவிட்டாள் என்று தெரிந்தது. அடுத்த கொண்டை ஊசி வளைவில்தான் அந்தச் சத்தம் வந்தது. இடப்பக்கம், அடியில், ‘டக்’. பிறகு இன்னொரு ‘டக்.’ வளைவு முடிந்தபின் தானாக நேராக வேண்டிய ஸ்டியரிங் பாதியில் நின்றது. அவள் கையால் இழுத்து நேராக்கினாள். அகலமான ஓர் இடம் பார்த்து வண்டியை ஓரங்கட்டி, கைப் பிரேக் போட்டுவிட்டு, உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள்.

“மறுபடியும்” என்றாள்.

‘மறுபடியும்’ என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மாசி மாதம், சிவராத்திரிக்கு முந்தின வாரம், இதே இடப்பக்கத்து டை ராட் எண்டை மாற்றியிருந்தோம். அதற்கு முந்தைய ஓணத்துக்குப் பிறகும் அதே. ஒரு தடவை போட்டால் வருடக்கணக்கில் ஓட வேண்டிய உதிரி.

இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இது. அந்த மே மாதத்தில் வண்டியோடு வந்த கையேட்டைத் தொடங்கி, கிடைத்ததையெல்லாம் படித்தேன். நாம் கையில் பிடிக்கும் வளையத்திலிருந்து ஒரு தண்டு கீழே இறங்குகிறது. அதன் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம். அது, குறுக்கே கிடக்கும் பல் வைத்த ஒரு கம்பியை இடமும் வலமும் நகர்த்துகிறது. அதற்கு ரேக் என்று பெயர். ரேக்கின் இரண்டு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு கம்பி புறப்பட்டு இரண்டு முன்சக்கரங்களையும் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கம்பிதான் டை ராட். சக்கரத்தைப் பிடிக்கும் நுனியில், அதாவது டை ராட் எண்டில், கிண்ணத்துக்குள் ஒரு குமிழ். நம் தோள் மூட்டு மாதிரி. சக்கரம் மேலும் கீழும் குதிக்கும்போதும் பக்கவாட்டில் திரும்பும்போதும் அது கழன்றுவிடாமல் சுழன்று கொடுக்கும். உள்ளே கிரீஸ், மேலே ரப்பர் மூடி. குமிழ் தேய்ந்து கிண்ணத்தில் இடம் விட்டுவிட்டால், கை சொல்வதற்கும் சக்கரம் கேட்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி விழும். நேர் ரோட்டில் அந்த இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளலாம். மலையில் ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாகப் போகும்போது அதை வைத்துக்கொண்டு ஓட்டக்கூடாது.

திங்கட்கிழமை நேமம் போகும் வழியில் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். மெக்கானிக் மார்த்தாண்டத்துக்காரர், இங்கே வந்து வெகுகாலமானதால் அவருடைய தமிழில் பாதி மலையாளம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இடது சக்கரத்தைக் கடிகாரத்தின் ஒன்பது, மூன்று இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினார். ஆடியது. பன்னிரண்டும் ஆறும் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. முதலாவது ஆடினால் குற்றம் ஸ்டியரிங் பக்கம், இரண்டாவது ஆடினால் பேரிங் பக்கம் என்று நான் படித்திருந்தேன். படித்தது கண்ணெதிரே நடந்ததில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

“டை ராட் எண்ட் பின்னையும் போச்சு சாரே. டயரும் ஒரு சைடு தேஞ்சிருக்கு, கண்டோ? டீச்சர் குழி பார்த்து ஓட்டணும் கேட்டா. பெண்ணுங்க ஓட்டினா இது உள்ளதுதான்.”

மனைவி டயர் அருகே குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். “குழியில விழுந்தா ரெண்டு பக்கமும் போகணும்லா? எப்பவும் இடதுதான் போகுது. குழிக்கு நான் பொம்பளைன்னு தெரியும், இடதும் வலதும் தெரியுமா?”

“டீச்சரே, நம்ம ரோட்டுல குழி எல்லாம் இடது ஓரத்துல அல்லே?”

அது நியாயமான பதில். அவளும் ஒப்புக்கொண்டாள். அதுதான் அவளைச் சுட்டது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பும்போது, “அவரு சொன்னதுல தப்பு இல்ல” என்றாள். “என் கையில கோளாறுன்னா அது மலையில தெரியும். தெரியும்போது ரோட்டோரமா பள்ளிக்கூடப் பிள்ளைங்க நடந்து வரும். காரணம் தெரியாம நான் அந்த ரோட்டுல போகமாட்டேன்.”

“அப்ப?”

“இந்த மாசக் கடைசிக்குள்ள தெரியணும். என் கைதான்னா எழுதிக் குடுத்திடுதேன்.”

அன்று சாயங்காலம் நாகர்கோவிலிலிருந்து என் அண்ணன் கூப்பிட்டான். செய்தி அவனுக்கு எப்படியோ போயிருந்தது. ஸ்பீக்கரில் போட்டது என் பிழை.

“லேய், மலையில பொம்பளைய வண்டி ஓட்ட விட்டுட்டு நீ ஆபீஸ்ல கூட்டல் கழித்தல் போட்டுட்டு இருப்பியோ? வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கச் சொல்லு.”

மனைவி சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். “அத்தான், உங்க தம்பி ஓட்டி நீங்க பாத்ததில்லையே? பாத்தா நான்தான் ஓட்டணும்னு கோயில்ல நேர்ச்சை போடுவிய.”

அண்ணன் சிரித்துவிட்டான். ஆனால் அவள் சிரிக்கவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் உதிரி வர நாளானது. அதனால் அந்த வாரம் மூன்று நாள் எங்கள் வீட்டின் முன்னால் கார் இல்லை. தெருவுக்கு அது ஒரு புது முகம். எங்கள் வீட்டு முகப்பில் ஒரு பாதி வாசல், மறுபாதி சன்னல். வாசலுக்கு நேரே, சுவரோரச் சாக்கடை ஓடையை மூடிய கருங்கல் தெருவோடு சமமாக இருக்கும். சன்னலுக்கு நேரே அது ஒரு சாண் உயர்ந்து நிற்கும். வாசலில் கோலத்துக்கு இடம் வேண்டுமென்பதால் கார் எப்போதும் சன்னலுக்கு முன்னால், அந்த உயர்ந்த கல்லை உரசாத குறையாக நிற்கும். தள்ளி நிறுத்தினால் ஆட்டோ போக வழி இராது. காரின் மூக்குக்கு எதிரே, ஒரு கை தூரத்தில், அடுத்த வீட்டு மாமியின் கோலம் தொடங்கும்.

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் போனபின் தனியாக இருக்கிறார். தினமும் இருட்டோடு எழுந்து, சாணமோ தண்ணீரோ தெளித்து, அரிசிமாவில் புள்ளி வைத்துக் கோலம் போடுவார். நடக்கிறவர்கள்கூட அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். அந்தக் கோலத்தின் மேல் காரை ஏற்றுவது எங்கள் தெருவில் யாரும் நினைத்துப் பார்க்கிற காரியமில்லை. நானும் மனைவியும் வண்டி வாங்கிய நாள் முதல் அதைத் தொடாமல்தான் எடுத்துவந்தோம். அதில் எங்களுக்கு ஒரு கர்வமும் உண்டு.

வியாழக்கிழமை காலை. வாசல் தெளிக்கப் போன மனைவி திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கார் நிற்கும் இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேங்காய் நாரால் ஓடைக்கல்லின் பக்கவாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க வாங்க. இது என்ன?”

கல்லின் விளிம்பில், என் உள்ளங்கை அகலத்துக்கு, கறுப்பாக ஒரு தீற்றல். வளைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடவை பூசியது போல. நாரால் தேய்த்தால் போகவில்லை. நகத்தால் சுரண்டினாள், சுருளாக வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்கருகே நீட்டினாள். ரப்பர்.

“டயரு” என்றேன்.

“எந்த டயரு?”

நான் கல்லையும் தெருவையும் பார்த்தேன். கார் அங்கே நிற்பதாக மனதில் நிறுத்திப் பார்த்தேன். இடது பக்க முன்சக்கரம்.

அவள் நாரைப் போட்டுவிட்டு எழுந்தாள். சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டி வந்தது. புது உதிரி போட்டு, சக்கரங்களின் நேர் வரிசையையும், அதாவது அலைன்மெண்டையும், மிஷினில் வைத்துப் பார்த்துச் சரிசெய்திருந்தார்கள். வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். மறுநாள் காலை மாமியின் கோலம் விழுந்தபின், “இப்ப நீங்க வண்டிய எடுங்க. எப்பவும் எடுக்குத மாதிரி. நான் வெளிய நின்னு பாக்குதேன்” என்றாள்.

நான் ஏறி, எஞ்சினைப் போட்டு, எப்போதும் செய்வதைச் செய்தேன். எதிரே மாமியின் கோலம், பின்னால் எங்கள் வாசல் கோலம், உருள இடமில்லை. ஆகவே வண்டி நின்ற நிலையிலேயே ஸ்டியரிங்கை வலப்பக்கம் கடைசிவரை திருகினேன். கடைசியில் ஒரு முக்கல் வரும். அதற்கு மேலும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால்தான் கோலத்தின் ஓரத்துப் புள்ளியைத் தொடாமல் மூக்கு வெளியே வரும். அழுத்தினேன்.

“நிறுத்துங்க!” போனட்டில் ஓங்கி ஒரு தட்டு. “அப்படியே இருங்க. கைய எடுக்காதிய. இல்ல, கைப் பிரேக்கைப் போட்டுட்டு இறங்கி வந்து பாருங்க.”

இறங்கிப் பார்த்தேன். சக்கரம் வலப்பக்கம் திரும்பும்போது அதன் முன்விளிம்பு தெருவுக்கு வரும், பின்விளிம்பு சுவர்ப் பக்கம் போகும். சுவர்ப் பக்கம் இருப்பது ஒரு சாண் உயரக் கருங்கல். டயரின் பின்விளிம்பு அந்தக் கல்லில் போய் முட்டி, நசுங்கி நின்றது. அதற்கு மேல் சக்கரத்துக்குப் போக்கிடமில்லை. ஆனால் நாங்கள் உள்ளே உட்கார்ந்து, பவர் ஸ்டியரிங் மோட்டாரின் பலத்தையும் சேர்த்துக்கொண்டு, போ போ என்று தள்ளியிருக்கிறோம். கல் நகராது. வண்டியும் நகரவில்லை. அந்தத் தள்ளல் முழுவதையும் வாங்கிக்கொண்டது நடுவில் இருந்த குமிழ். தினமும் ஒரு தடவை. இடப்பக்கம் மட்டும்.

படித்த புத்தகங்களிலெல்லாம் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருகாதீர்கள், திருகிய நிலையில் பிடித்து வைக்காதீர்கள் என்று இருந்தது. நானும் தலையாட்டிக்கொண்டே படித்தேன். அதில் எங்களைப் பற்றி எழுதியிருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் கோலத்தைச் சுற்றி வண்டி எடுப்பதை நாங்கள் ‘ஓட்டுவது’ என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி அது. மெக்கானிக் எங்கே ஓட்டினீர்கள், எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்பார். வாசலில் கோலம் உண்டா என்று எந்த மெக்கானிக் கேட்பார்?

மனைவி இடுப்பில் கைவைத்து நின்று கல்லைப் பார்த்தாள், டயரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மே மாதத்தில் முதல் தடவையாக முழுசாகச் சிரித்தாள்.

“கை நல்லாத்தான் இருக்கு” என்றாள். “மரியாதைதான் கூடிப்போச்சு.”

அந்தச் சத்தத்துக்கு மாமி வெளியே வந்துவிட்டார். “என்னாக்கும் காலங்காத்தால வண்டியை அடிக்கறேள் டீச்சர்?”

நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். மாமியின் புருவம் ஏறியது.

“நன்னாருக்கு! அப்போ என் கோலத்தாலயாக்கும் உங்க வண்டி கெட்டுது?”

“அப்படிச் சொல்லல மாமி. கோலத்துல படாம எடுக்கணும்னு நாங்கதான்...”

“யார் சொன்னா படப்படாதுன்னு? எறும்பு திங்கட்டும்னுதானே மாவுல போடறது? பால்காரன் மிதிக்கறான், பூனை படுத்துண்டு எழுந்து போறது. உங்க டயர் மட்டும் என்ன, ஆசாரமா?” மாமி குரலை இறக்கினார். “ஒண்ணு கேட்டேளா, நீங்க கார் வாங்கினதிலேருந்து நான் பாதிக் கோலமாக்கும் போடறேன். வண்டி திரும்ப இடம் வேணுமேன்னு ரெண்டு வரிசைப் புள்ளியை விட்டுட்டேன். மார்கழிலகூடப் பெரிசா போடல்லை. அப்படியும் தினம் காலம்பற அந்த முக்கல் சத்தம். யானைக்கு வயத்துவலி மாதிரி. சாருக்கு வண்டி எடுக்கத் தெரியல்லை, பாவம், சொன்னா வருத்தப்படுவார்னு இருந்தேன்.”

“எனக்கா?” என்றேன்.

“பின்னே? டீச்சர் எடுத்தாலும் அதே சத்தம்தான். ஆனா டீச்சர் உங்ககிட்டதானே பாத்துப் படிச்சிருப்பா!”

மனைவி காரின் கூரையில் கைவைத்துக் குனிந்து சிரித்ததில் வளையல் சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். ஒரு தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகள், ஒருவருக்கொருவர் இடம் விடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, வருடக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறோம். நான் அதை இப்போதும் குறையாக நினைக்கவில்லை. எங்கள் தெரு அப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்வேன்.

தீர்வு எளிது. வண்டியைப் பின்னால் தள்ளி, எங்கள் வாசலுக்கு நேரே நிறுத்த வேண்டும். அங்கே ஓடைக்கல் தெருவோடு சமம். சக்கரம் முட்ட ஒன்றுமில்லை. முன்னால் பாதி வண்டி நீளத்துக்கு இடம் கிடைக்கும். முதலில் வண்டியை மெல்ல உருளவிட்டு, உருளும்போது ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். உருளும் சக்கரம் ஒரு விரலுக்குத் திரும்பும். நிற்கும் சக்கரத்தைத் திருப்ப மல்லுக்கட்ட வேண்டும். மனைவி அன்றே பழகிக்கொண்டாள். மாமியின் கோலத்தைத் தொடாமலே வந்தது, முக்கல் இல்லாமல்.

மெக்கானிக்கிடம் இதைச் சொல்ல அவளே போனாள். நானும் கூடப் போனேன்; அந்தக் காட்சியை விட மனமில்லை. அவர் முழுக்கக் கேட்டார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

“கோலமா? என்டெ தெய்வமே. டீச்சரே, குழின்னு பறஞ்சதை நான் திரும்ப எடுத்தாச்சு.”

“‘பெண்ணுங்க ஓட்டினா’ன்னு ஒண்ணு சொன்னீங்களே?”

“அதையும் எடுத்தாச்சு.”

“எடுத்தா போதாது. இனிமே யாரு வந்தாலும், ராத்திரி வண்டி எங்க நிக்கும், காலையில எப்படி வெளிய எடுப்பீங்கன்னு கேளுங்க.”

“கேட்கலாம் டீச்சரே” என்றார். அடுத்த தடவை நான் போனபோது சாலைத் தெருப் பக்கத்து வியாபாரி ஒருவரிடம் அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வியாபாரி, இதெல்லாம் எதற்கு என்பது போல என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் தெரியாதவன் போல நின்றேன். உள்ளுக்குள் இருந்தது வேறு.

மே மாதக் கடைசி ஞாயிறு மறுபடியும் மலைக்குப் போனோம். கிளம்புமுன் நான் சோதிக்க வேண்டியதைச் சோதித்தேன். சக்கரங்களை நேராக வைத்து, எஞ்சினைப் போட்டு, ஸ்டியரிங்கின் உச்சியில் ஒரு காகிதத் துண்டை ஒட்டினேன். வளையத்தை மெல்ல அசைக்க, எவ்வளவு தூரம் போனபின் வெளியே சக்கரம் அசைகிறது என்று மனைவி குனிந்து பார்த்துச் சொன்னாள். முன்பெல்லாம் காகிதம் இரண்டு விரற்கடை நகர்ந்தபின்தான் சக்கரம் விழித்துக்கொள்ளும். இப்போது கை அசைந்ததும் சக்கரமும் அசைந்தது. டயர் காற்று பார்த்தேன். ரப்பர் மூடிகளில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்றும் மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்கிறேன். பிரமாதமான வேலை ஒன்றுமில்லை; முழங்காலில் தெருமண் ஒட்டும், அவ்வளவுதான்.

வித்துராவில் டீ குடிக்கும்போதே மேகம் கட்டியது. இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்க இன்னும் சில நாள் இருந்தது. மழைக்கு அது தெரியவில்லை. வளைவுகள் தொடங்கியதும் கொட்டத் தொடங்கியது. நான் கதவுக்கு மேலே இருக்கும் பிடியைப் பிடித்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

“அதைப் பிடிச்சா வண்டி நேராப் போகுமா?”

நான் விட்டுவிட்டேன். முதல் கொண்டை ஊசி. அவள் வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியரில், வண்டி உருளும்போதே ஒரு கை மாற்றி மறு கையால் வளையத்தைச் சுற்றினாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு இடப்பக்கத்தைக் கேட்டேன். மழை. வைப்பர். எஞ்சின். வேறொன்றுமில்லை. வளைவு முடிந்ததும் அவள் பிடியைத் தளர்த்தினாள். ஸ்டியரிங் அவள் உள்ளங்கைகளுக்குள் தானாக வழுக்கி நேரானது. அவள் அதைக் கவனித்தாள் என்பதும் நான் கவனித்தேன் என்பதும் இருவருக்கும் தெரிந்தது. அடுத்த வளைவு. அதற்கடுத்தது. எதிரே ஒரு ஜீப் வந்தபோது ஓரத்துக்கு ஒதுங்கி, வழி விட்டு, அது போனபின் சாவகாசமாக எடுத்தாள். பள்ளிக் கேட்டருகே நிறுத்தி, வைப்பரை அணைத்தாள்.

“அத்தானுக்குப் போன் போடுங்க” என்றாள். “வேண்டாம்னு எழுதிக் குடுக்கலன்னு சொல்லுங்க. பொன்முடி பாக்கணும்னா வரச் சொல்லுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்.”

அண்ணன் ஓணத்துக்கு வந்தான். அவள் ஓட்ட, பொன்முடி வரை போய் வந்தோம். இறங்கும்போது அவன் பின் சீட்டில் தூங்கிவிட்டான். மலைப்பாதையில் ஓட்டுகிறவருக்கு அதைவிடப் பெரிய நற்சான்று வேண்டாம். நான் அவனை எழுப்பாமல் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயம் பாக்கி. கார் எங்கள் வாசலுக்கு நேரே நிற்பதால், அவள் வண்டியை எடுத்த பிறகுதான் எங்கள் வாசலில் கோலம் போட முடியும். அப்போது அவள் நெடுமங்காட்டை நெருங்கிக்கொண்டிருப்பாள். வீட்டில் மிச்சம் இருப்பது நான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, தெரு திரும்பும்வரை காரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வாசலைத் தெளித்து, மாவுக் கிண்ணத்தோடு குனிந்தேன். அஞ்சு புள்ளி, அஞ்சு வரிசை. வயதான ஓர் ஆண் தெருவில் உட்கார்ந்து கோலம் போடுவதைப் பார்க்க எதிர்வீட்டு சன்னல் ஒன்று திறந்தது. திறக்கட்டும். மாமி தன் கோலத்தை முடித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். இப்போது அவர் விட்டுவைத்திருந்த இரண்டு வரிசையும் திரும்ப வந்திருந்தன, பெரிய கோலம்.

“மூணாவது வரிசை இடது பக்கம் இழுக்கறது சார்” என்றார்.

“அலைன்மெண்ட் பாத்துருவோம் மாமி.”

“பாருங்கோ, பாருங்கோ. நின்ன எடத்துலயே கையை முறுக்காதேள். மாவை ஓட விடணும். ஓடறச்சே வளைக்கணும்.”

நான் மாவை ஓடவிட்டேன். வளைவு முன்னைவிட நன்றாக வந்தது. அழிப்பதும் திருத்துவதுமாக, மாமி வீட்டுக்குள் போய் வந்து போய் வந்து சொல்லிக்கொண்டிருக்க, வெயில் ஏறிவிட்டது; கடைசிக் கோட்டை இழுக்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மாவுக் கையோடு எடுத்தேன். அவள்தான். போனை வெளியே நீட்டிப் பிடித்திருக்கிறாள் போல. மழைச் சத்தம், பிள்ளைகளின் இரைச்சல், அதற்கு மேலே நீளமாகப் பள்ளி மணி. மணி அடங்கியபின்தான் பேசினாள்.

“கேட்டுதா? முதல் மணிக்கே வந்தாச்சு.”

போனை நீட்டி மாமியையும் கேட்க வைத்தேன். மணி முடிந்துவிட்டது. ஆனாலும் மாமி காதில் வைத்துக்கொண்டு, “நன்னா கேக்கறது டீச்சர்” என்றார்.